பிளஸ் ஒன்னில் தொடங்க வேண்டிய வேலை

கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தேடும் வேலை தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் பிளஸ் டூ முடிவு வந்த பிறகே தொடங்குகிறது. மே, ஜூன் மாதங்களில் இ-சேவை மையங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் கூடும் கூட்டமே அதற்குச் சாட்சி. அதற்குள் சில வாய்ப்புகள் கைநழுவிப் போயிருக்கும். எஞ்சியவற்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். மதிப்பெண் இருந்தும், தேவை இருந்தும், தாள் சரியில்லை என்பதற்காகப் பிள்ளைகள் தங்களுக்குரிய பணத்தை இழக்கிறார்கள். இதைத் தடுக்க ஏற்ற இடம் பள்ளிக்கூடம். ஏற்ற காலம் பிளஸ் ஒன் வகுப்பு.

அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் பேருந்து, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம், மதியச் சாப்பாடு என்று மாதந்தோறும் செலவு இருக்கிறது. கூலி வேலையில் ஓடும் வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதா இல்லையா என்பது, பிள்ளை இரண்டாம் ஆண்டுக்குப் போகுமா, ஜவுளிக்கடைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகுமா என்பதையே முடிவு செய்துவிடும். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ முதல் தவணையைக் கட்டுகிறார்கள். அந்த வட்டி, படிப்பு முடிந்த பிறகும் பல ஆண்டுகளுக்குக் குடும்பத்தைத் தொடரும். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பணம் போதாத வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று வரும்போது, யாருடைய படிப்பு நிற்கும் என்பது ஊரறிந்த செய்தி.

பள்ளி நாட்களிலேயே முடிவாகும் உரிமைகள்

கல்லூரியில் கிடைக்கும் சில பெரிய சலுகைகள், மாணவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பர் இறுதியில் இது நீட்டிக்கப்பட்டது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் புதுமைப் பெண் தொகையைக் கூடுதலாகப் பெறலாம் என்பது பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. ‘ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடையாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. பண மதிப்பில் பார்த்தால், தமிழ்நாட்டில் ஓர் ஏழை மாணவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவிகளில் இதுவும் ஒன்று. அதற்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிப் படிப்பு வேண்டும்.

பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, ‘நல்ல மார்க் எடுப்பான்’ என்ற நம்பிக்கையில் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் ஏராளம். கடன் வாங்கி இரண்டு ஆண்டுக் கட்டணம் கட்டி, நான்கு ஆண்டுக் கட்டண விலக்கை அவர்கள் இழக்கிறார்கள். இதைத் தெரிந்தே செய்தால் அது அவர்கள் உரிமை. பெரும்பாலோர் தெரியாமல்தான் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் நாளில் தலைமையாசிரியர் இந்த ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிப் பருவத்திலேயே எழுத வேண்டிய தேர்வுகளும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் தேர்வில் தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊரகப் பகுதி மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பில் எழுதும் திறனாய்வுத் தேர்வு, பிளஸ் ஒன் மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு ஆகியவையும் இருக்கின்றன. தமிழ்த் தேர்வில் 1,500 பேர் தேர்வாகி, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.1,500 பெறுகிறார்கள், அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் வெல்லும் 500 மாணவர், 500 மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ.10,000 பட்டப்படிப்பு வரை தொடர்கிறது. இவற்றில் தேர்வாகும் பிள்ளைகள் சிறு வயதிலேயே விண்ணப்பம், வங்கிக் கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒருமுறை கடந்து வந்துவிடுவார்கள். பணத்தைவிட அந்தப் பழக்கம் பின்னாளில் அதிகம் உதவும்.

எதை எங்கே தேடுவது

பிளஸ் டூ முடித்தவருக்கான உதவிகளைத் தேடும்போது ஒரு பெரிய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை. மாணவர் தம் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். என்ன சமூகம், குடும்ப வருமானம் எவ்வளவு, பெற்றோர் என்ன தொழில், பிளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு, எந்தப் படிப்பு, மாற்றுத்திறன் உண்டா, குடும்பத்தில் வேறு பட்டதாரி உண்டா? இவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதிவிட்டாலே, தமக்குப் பொருந்தாத திட்டங்கள் தாமாக விலகிவிடும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தியாவின் மிகப் பழைய கல்வி உதவிகளில் ஒன்று. அது 1944இல் தொடங்கியது. ஒன்றிய அரசின் இந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருபவர்களின் கட்டணத்தை இத்திட்டம் ஏற்பதில்லை. கல்லூரி முகவர் ஒருவர், ‘இங்கே சேருங்கள், ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்’ என்று சொன்னால், எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் செமஸ்டரில் முழுக் கட்டணத்துக்கும் நோட்டீஸ் வந்து நிற்கும் குடும்பங்களின் தவிப்பு கொடியது.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகைக்கும் இதே போன்ற நிபந்தனை உண்டு. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர வேண்டும். குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். அண்ணன் ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு இல்லை.

மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று பலரது கவனத்துக்கு வருவதில்லை. பிளஸ் டூ தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.12,000 தரும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை அது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்கப்படுகிறது, பாதி பெண்களுக்கு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியல் படிக்க விரும்புபவர்கள், தங்கள் வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்திருந்தால், ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ரூ.80,000. நல்ல மதிப்பெண் எடுத்தால் மருத்துவம், இல்லாவிட்டால் பொறியியல் என்று மட்டுமே யோசிக்கும் வீடுகள் இந்தத் தொகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொறியியல், பாலிடெக்னிக் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் ‘பிரகதி’, மாற்றுத்திறனாளிகளுக்கு ‘சக்ஷம்’, பெற்றோரை இழந்தவர்களுக்கு ‘ஸ்வநாத்’ ஆகியவை ஆண்டுக்கு ரூ.50,000 தருகின்றன. பிரகதிக்கு வருமான வரம்பு ரூ.8 லட்சம். ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று நடுத்தர வருமானக் குடும்பங்கள் ஒதுங்கிவிடுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐஐடி போன்ற இடங்களில் கட்டணத்தைக் கண்டு மிரளும் குடும்பங்களும் உண்டு. அங்கே பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கு. பிறரிலும் குடும்ப வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் கீழ் என்றால் முழு விலக்கு; ரூ.5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு.

பெற்றோரின் தொழில் வழியாக வரும் உதவிகளே மிகக் குறைவாகப் பேசப்படுகின்றன. தென்காசி, திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவி தருகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பிற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களிலும் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்கும், உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அப்பா கொத்தனார் வேலை செய்கிறார், வாரியத்தில் பதிவு செய்யவே இல்லை என்றால் பிள்ளைக்கு உதவி கேட்க முடியாது. பதிவும் புதுப்பித்தலும் பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. பிள்ளை பிளஸ் டூ எழுதும் வரை அதற்குக் காத்திருக்கக் கூடாது.

தாள்களில் தவறும் பணம்

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கான காரணங்களில் பல, வீட்டிலிருக்கும் ஆவணங்களிலேயே ஒளிந்திருக்கின்றன. முதலில் பெயர். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் இல்லை; இனிஷியல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். வங்கிப் பாஸ்புக்கில் அப்பாவின் முழுப் பெயரும் சேர்ந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டலில் ஓர் ஆங்கில எழுத்து கூடினாலும் குறைந்தாலும் இதே கதிதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே ஆதாரில் உள்ளதையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு பெயர் திருத்துவது நீண்ட அலைச்சல்.

ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவை 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வயது என்பது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுப் பரபரப்பில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. புதுப்பிக்காமல் விட்டால் கல்லூரியில் சேரும்போது கைரேகை பொருந்தாமல் போகும். ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் பழையதாக இருந்தால் ஓடிபி வேறு யாருக்கோ போகும். அப்பா ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணே பல பிள்ளைகளின் ஆதாரில் இன்றும் இருக்கிறது.

அடுத்தது வங்கிக் கணக்கு; மிக அதிகமாகச் சிக்கல் வருவது இங்கேதான். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அரசுப் பணம் ஆதார் வழியாக வந்து சேர வேண்டுமென்றால், தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவில் அந்த ஆதார் எந்த வங்கியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாகச் சேர்த்த வங்கிக்கே பணம் போகும். சிம் கார்டு வாங்கும்போதோ, செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கும்போதோ ‘சரி’ என்று அழுத்திய ஒரு நொடியில் இந்தச் சேர்ப்பு மாறியிருக்கலாம். பணம் வரவில்லை என்று மாணவர் காத்திருப்பார். அது அவர் மறந்தே போன கணக்கில் கிடக்கும். ஆதார் இணையதளத்தில், வங்கிச் சேர்ப்பு நிலையைக் காட்டும் பக்கத்தில் இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிட முடியும்.

பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்கு சிறார் கணக்காக இருக்கும். 18 வயது நிறைந்ததும் புதிதாகக் கையெழுத்தும் கேஒய்சி ஆவணங்களும் கொடுக்காவிட்டால் அது நிறுத்திவைக்கப்படலாம். உதவித்தொகைக்காகத் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லையென்றாலும் அதை முடங்கிய கணக்காக வங்கிகள் வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024இல் நடைமுறைக்கு வந்த விதியில் சொல்லியிருக்கிறது. கிளையில் மறுத்தால் மாணவர் இதை எடுத்துச் சொல்லலாம்.

கடைசியாக, வருமானச் சான்றிதழ். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள். இ-சேவையில் பதிவு செய்தால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கைகளுக்குப் போகும். ஒருவர் விடுப்பில் இருந்தாலும் நின்றுவிடும். ரூ.2.5 லட்சம், ரூ.4.5 லட்சம், ரூ.8 லட்சம் என்று வரம்புகள் திட்டத்துக்குத் திட்டம் மாறுவதால், சான்றில் எழுதப்படும் தொகை முக்கியமானது. உண்மையான வருமானத்தையே சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு தொகை, இந்த ஆண்டு அதில் பாதி என்று இரண்டு சான்றுகள் இருந்தால் சரிபார்ப்பில் சந்தேகம் எழும். ஏப்ரல் மாதத்தில் விண்ணப்பித்தால், மே மாத நெரிசலையும் தவிர்க்கலாம். அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் சான்று செல்லும்.

விண்ணப்பித்த பிறகு இருக்கும் வேலை

ஒன்றிய அரசின் பெரும்பாலான திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். அதில் கிடைக்கும் 14 இலக்க எண் படிப்புக் காலம் முழுவதும் பயன்படும். மாநில அரசின் திட்டங்களுக்குத் தனி இணையதளம்; அங்கே கல்லூரியின் ‘யூமிஸ்’ பதிவும், பள்ளியில் கொடுத்த ‘எமிஸ்’ எண்ணும் தேவைப்படும். எமிஸ் எண்ணை மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாகக் குறித்துவைக்க வேண்டும்.

‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும் வேலை முடிந்ததாக மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அங்கேதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது. விண்ணப்பம் கல்லூரியின் நோடல் அலுவலருக்குப் போகும். அவர் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த நிலைக்கு நகரும். அவர் குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பாவிட்டால், மாணவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தும் விண்ணப்பம் செத்துவிடும். குறை கண்டால் விண்ணப்பம் திருத்தத்துக்காக மாணவருக்கே திரும்பும். அதற்கும் கெடு உண்டு. ஆகவே வாரம் ஒருமுறை நிலையைப் பார்ப்பதும், அச்சிட்ட படிவத்தையும் சான்றுகளின் நகலையும் நோடல் அலுவலரிடம் நேரில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுவதும் அவசியம். முதலாண்டு மாணவருக்கு ஆசிரியரைப் போய்க் கேட்கத் தயக்கம் இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த ஆண்டு புதுப்பித்தல் தானாக நடக்காது. ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைத் தொடர 50% மதிப்பெண்ணும் 75% வருகைப்பதிவும் வேண்டும். அரியர் விழுந்த செமஸ்டரும், வேலைக்குப் போனதால் குறைந்த வருகைப்பதிவும் உதவித்தொகையை நிறுத்திவிடும். பணத் தேவையால் பகுதி நேர வேலைக்குப் போய், அதனாலேயே உதவித்தொகையை இழப்பது பல பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை.

அறக்கட்டளைகள் கேட்பது என்ன

அரசு உதவிக்குத் தகுதி இருந்தால் போதும். தனியார் உதவிக்குத் தகுதியுள்ள பலரில் ஒருவராகத் தேர்வாக வேண்டும். சரோஜினி தாமோதரன் அறக்கட்டளையின் ‘வித்யாதன்’ பத்தாம் வகுப்பு முடித்த ஏழை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மேல்நிலைப் படிப்புக்கு உதவுகிறது. நன்றாகப் படிப்பவர்களுக்குக் கல்லூரியிலும் தொடர்கிறது. நடிகர் சூர்யா நிறுவிய அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டம் பிளஸ் டூ முடித்த முதல் தலைமுறை மாணவர்களுக்கானது. விஐடி பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டார்ஸ்’ திட்டம், அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் பெறும் கிராமப்புற மாணவருக்கும் மாணவிக்கும் இலவசக் கல்வி தருகிறது. பெரிய நிறுவனங்களின் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடுகின்றன. சிலவற்றுக்கு முதலாண்டு மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பதால் தேதி தவறினால் மறு வாய்ப்பு இல்லை.

இங்கே கட்டுரையோ கடிதமோ எழுதச் சொல்வார்கள், நேர்காணல் இருக்கும், சிலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ‘நான் மிகவும் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள், தயவுசெய்து உதவுங்கள்’ என்று எழுதப்பட்ட கடிதங்கள் தேர்வுக் குழுவிடம் குவிந்திருக்கும். அவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய வழியில்லை. ‘அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார், ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது, அந்த மாதங்களில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் பேருந்து பிடிப்பேன், கணக்கில் 94 எடுத்தேன், பி.எஸ்சி. கணிதம் படித்து ஆசிரியராக விரும்புகிறேன்’ என்ற கடிதத்தில் ஒரு வீடு தெரிகிறது, அதில் ஓர் ஆள் தெரிகிறார். இரக்கம் கேட்டு எழுதுவதைவிட, உண்மையை அதன் விவரங்களோடு எழுதுவதே பலன் தரும். மிகைப்படுத்தினால் வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்குத் தெரிந்துவிடும்.

கடிதத்தை இணையத்திலிருந்தோ நண்பரிடமிருந்தோ நகலெடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டால், முதலில் தமிழில் எழுதி, ஆங்கில ஆசிரியரின் துணையோடு மொழிபெயர்க்கலாம். நேர்காணலில் தமிழில் பேசலாமா என்று கேட்பதில் தவறில்லை. மாணவரை நன்றாக அறிந்த ஆசிரியர் எழுதும் பரிந்துரையே மதிப்புடையது. பள்ளியில் பெரிய பதவியில் இருப்பவர் பெயர் தெரியாமல் எழுதித்தரும் பொதுவான நற்சான்றில் பயன் குறைவு.

உதவித்தொகை என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றும் உண்டு. அரசுத் திட்டங்களுக்குப் பதிவுக் கட்டணம் கேட்டோ, ‘உங்கள் பணம் வந்துவிட்டது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று சொல்லியோ யாராவது அழைத்தால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ ஓடிபி சொல்லவோ தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் தர வேண்டும். சில தனியார் கல்லூரிகள் ‘50% ஸ்காலர்ஷிப்’ என்று விளம்பரப்படுத்துவது வேறு வகை. அது கட்டணத் தள்ளுபடி மட்டுமே. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, மதிப்பெண் குறைந்தால் தள்ளுபடி நிற்குமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

பள்ளியும் அரசும் செய்ய வேண்டியவை

‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் ஏற்கெனவே நடக்கிறது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று சொல்லித்தரும் அந்த வகுப்புகளில், பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு தயாராகலாம்: ஆதார், பள்ளிப் பதிவேடு, பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, ஆதார் எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறது, சாதிச் சான்று உண்டா, முதல் பட்டதாரித் தகுதி உண்டா, பெற்றோர் வாரியப் பதிவு நடப்பில் உள்ளதா. கோளாறு இருந்தால் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு அவகாசம் கிடைக்கும். வகுப்பாசிரியரின் தோளில் இன்னொரு சுமையாக இதை ஏற்றிவிடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவும், முன்னாள் மாணவர்களும், அருகிலுள்ள கல்லூரியின் நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்களும் இதைச் செய்ய முடியும்.

வருவாய்த் துறையும் ஆதார் மையமும் வங்கியும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கே வந்து முகாம் நடத்த வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு சான்றுக்காக மூன்று நாள் சம்பளத்தை இழப்பது அத்தோடு நிற்கும். பிளஸ் டூ மாணவர்களுக்கு வழங்கும் வருமானச் சான்றை, அவர் சேரும் கல்வியாண்டு முடியும்வரை செல்லத்தக்கதாக அறிவிக்க ஓர் அரசாணை போதும்.

எல்லாத் துறைகளின் உதவித்தொகைகளையும், திறக்கும் நாளையும் முடியும் நாளையும், ஒரே நாட்காட்டியாகத் தமிழில் அச்சிட்டு ஜூன் மாதமே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், சமூக நலம், தொழிலாளர் நலம், மாற்றுத்திறனாளிகள் நலம் என்று திட்டங்கள் துறைவாரியாகச் சிதறிக் கிடப்பதால், ஆறு அலுவலகங்களின் வழக்கம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கே எல்லாம் கிடைக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், என்ன குறை, எந்த நாளுக்குள் திருத்த வேண்டும் என்பதைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். ‘குறைபாடு’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பிள்ளை எதையும் திருத்த முடியாது.

கல்லூரிகளில் நோடல் அலுவலரின் பெயர், அறை எண், நேரம் ஆகியவை சேர்க்கைப் படிவத்திலேயே அச்சாக வேண்டும். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை கெடுவுக்குள் அனுப்பப்பட்டது என்பதைக் கல்லூரி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கல்லூரியின் தாமதத்தால் உதவியை இழந்த மாணவரிடம் அந்தத் தொகையைக் கட்டணமாக வசூலிக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது முதல் செமஸ்டர் பணம். உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் கணக்குக்கு வருகிறது. கல்லூரியோ சேரும் நாளிலேயே கட்டணம் கேட்கிறது. இந்த இடைவெளியைக் கடக்கத்தான் குடும்பங்கள் வட்டிக்கு வாங்குகின்றன. பட்டியல் சாதி மாணவர்கள் முன்பணம் கட்டாமலே சேர்க்கை பெற உதவும் ‘ஃப்ரீஷிப் அட்டை’க்குப் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் ஒன்றிய வழிகாட்டுதல் இடம் தருகிறது. தகுதியுள்ள எல்லா மாணவர்களுக்கும், சமூக வேறுபாடின்றி, இதுபோன்ற அட்டையைத் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துப் பள்ளியிலேயே வழங்கலாம். பிளஸ் ஒன்னில் கோப்பு சரிபார்க்கப்பட்டிருந்தால் தகுதி யாருக்கு என்பது அரசுக்கு முன்பே தெரிந்திருக்கும். அட்டையைக் காட்டும் மாணவரிடம் முதல் செமஸ்டர் கட்டணம் கேட்கக் கூடாது என்று கல்லூரிகளுக்கு உத்தரவிட்டு, உதவித்தொகை வந்ததும் கல்லூரிக்குச் சேர வேண்டியதைச் செலுத்த மாணவருக்கு ஒரு மாத அவகாசம் தர வேண்டும்.